வன்தட்டில் உறங்கும் சுவடிகள்

சுவடியைக் காத்தல் என்பது யாது? பட்டுத் துணியாற் சுற்றிப் பெட்டகத்துட் பூட்டி வைத்தலா? அன்றிக் கட்டவிழ்த்து ஓதுதலா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தமிழறிஞர் முன் இவ்வினா பெரிதாய் எழுந்தது. ஏடு வைத்திருந்த வீடுகள் பல. அவ்வேட்டை வாசிக்க வல்லார் இருந்த வீடுகள் சில. சரசுவதி பூசையன்று சந்தனமும் பூவும் பெற்ற சுவடி, ஆண்டின் எஞ்சிய நாள்களிற் செல்லுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் இரையாயிற்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் (1832–1901) அத்தகைய ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, வீரசோழியத்தை 1881 இலும் கலித்தொகையை 1887 இலும் அச்சேற்றினார். அவர்போன்றார் இலராயின் அந்நூல்களின் கதி யாதாகியிருக்கும் என எண்ணவும் உள்ளம் அஞ்சுகின்றது.

அதே வினா இன்று நம் வீடுகளுள் வேறோர் உருவிலே வந்து நிற்கின்றது. அலுமாரியின் மேற்றட்டிலே, காணி உறுதிக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அருகே, கைக்கடக்கமான ஒரு கரிய பெட்டி இருக்கும். ஹார்ட் டிஸ்க் என வழங்கும் வன்தட்டு அது. மூத்த மகளின் சாமத்தியச் சடங்கு, இளைய மகனின் ஏடு தொடக்கல், கடல் கடந்து போன தம்பியின் கலியாணம், பாட்டனாரின் சதாபிஷேகம் ஆகிய யாவும் அதனுள்ளே அடங்கியுள்ளன. எல்லாம் பத்திரமாக இருக்கின்றன என வீட்டார் கூறுவர். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று வினவினால் விடை வாராது. பத்திரமாக இருத்தலும் பயன்படாது இருத்தலும் ஒன்றாகிவிட்ட நிலை இது.

இந்நிலை எங்ஙனம் வந்தது என்பதைச் சிறிது நோக்குவோம்.

இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திலே தொடங்கிற்று. ரூபவாஹினி 1982 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே தோன்றிற்று. ஜப்பானில் 1976 இல் அறிமுகமான வீ.எச்.எஸ். கசெற் முறையும் அக்காலத்திலேயே நம் நாட்டை வந்தடைந்தது. எண்பதுகளிலே நம்மூர்க் கலியாண வீடுகளில், நாதஸ்வரக்காரருக்கும் பந்தற்காரருக்கும் அடுத்தபடியாக வீடியோக்காரரும் இன்றியமையாதவராயினர். 1990 முதல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த காலத்திலும் ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, அயலார் அனைவரும் முற்றத்தில் அமர்ந்து கசெற் பார்த்த இரவுகள் உண்டு. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தபோது, கையிற் கொண்டுசென்ற சிறு பொதிகளுள்ளே கலியாணக் கசெற்றையும் வைத்துச் சென்றோர் உளர்.

புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பிய கசெற்றுகளோ வேறொரு துன்பம் விளைத்தன. இலங்கையில் வழங்கியது பால் எனப்படும் முறை. அதில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். கனடாவில் வழங்கியது என்.ரீ.எஸ்.சி. முறை, அதில் 525 கோடுகள், நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். பிரான்சு தேசத்தில் வழங்கிய சீக்காம் முறையோ நிறங்காட்டும் வகையில் இவ்விரண்டின் வேறானது. ஆதலின் ரொறன்ரோவிலிருந்து வந்த கசெற் நம்மூர் டெக்கிலே படம் உருண்டும், பாரிசிலிருந்து வந்தது நிறமிழந்தும் தோன்றின. மூன்று தேசங்களிற் சிதறிய ஒரு குடும்பத்தின் காட்சிகளும் மூன்று வகை எழுத்திற் சிதறின எனலாம்.

பின்னர்க் கசெற்றுகள் டி.வி.டி. தட்டுகளாயின, டி.வி.டி. தட்டுகள் கணினிக் கோப்புகளாயின. ஜப்பானிய ஃபுனாய் நிறுவனம் 2016 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தோடு டெக் செய்வதை நிறுத்தியபின், கசெற்றை வாசிக்கும் கருவியே அரும்பொருளாயிற்று. எனவே வன்தட்டுக்கு மாற்றியோர் செய்தது நற்செயலே. ஆயினும் ஏட்டிலிருந்து தாளுக்குப் பெயர்த்தெழுதியதோடு கல்வி முடிந்துவிடாது. ஓதுதல் வேண்டும்.

கணினியிலேயே பார்க்கலாமே, தொலைக்காட்சி எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். கணினியின் முன் ஒருவர் அமரலாம். அவர் தோளின் மேலால் மற்றொருவர் எட்டிப் பார்க்கலாம். எண்பது வயது அம்மம்மாவுக்கு அந்தச் சிறு திரையும் தெரியாது. அந்த நாற்காலியும் இசையாது. தொலைக்காட்சியோ வீட்டின் அவை. அங்கே பாயில் அமர்வோரும் கதிரையில் அமர்வோரும் வாசற்படியில் நின்று பார்ப்போரும் ஒருங்கே கூடுவர். நூலை அவையில் அரங்கேற்றியவாறே வீட்டுக் காணொளியையும் வீட்டவையில் அரங்கேற்றல் வேண்டும். அதனாலாம் பெரும்பயனைப் பின்னர்க் கூறுவோம்.

இனி, வன்தட்டைத் தொலைக்காட்சியின் யூ.எஸ்.பி. துளையிற் செருகியும் படம் வாராமைக்குக் காரணங்கள் யாவை? பெரும்பாலும் அவை மூன்று.

முதலாவது, அடுக்குமுறை. ஒரு தட்டிலே கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகள் பல. ஃபாட் 32 என்னும் பழைய முறையைப் பெரும்பாலான தொலைக்காட்சிகள் அறியும். ஆனால் அம்முறையிலே தனியொரு கோப்பு 4 கிகாபைற்றை விஞ்சலாகாது. டீ.வீ. முறையிற் பதிந்த காட்சி ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 கிகாபைற் பெறும். அஃது அங்கே அடங்காது. 2006 இல் வந்த எக்ஸ்ஃபாட் முறையும், விண்டோஸ் கணினிகளுக்குரிய என்.ரீ.எஃப்.எஸ். முறையும் அக்குறை அற்றவை. ஆயின் எல்லாத் தொலைக்காட்சிகளும் அவற்றை அறியா. அப்பிள் கணினிக்கென அமைத்த தட்டையோ பெரும்பாலான தொலைக்காட்சிகள் அறியவே மாட்டா. ஈண்டு ஓர் எச்சரிக்கை. தாம் அறியாத தட்டைச் செருகியவுடன் சில தொலைக்காட்சிகள், “இதனைப் போர்மற் செய்யவா?” என வினவும். ஆம் எனப் பொத்தானை அழுத்தினால் தட்டிலுள்ளவை யாவும் அழிந்தனவாகக் கொள்க. இல்லை என்பதே எப்போதும் விடையாதல் வேண்டும்.

இரண்டாவது காரணம் எழுத்துமுறை பற்றியது. பலரும் மயங்குவது இங்கேயே. பழைய ஏட்டிலே பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களிற் குறில் நெடில் தெரியா. ரகரமும் காலும் ஒரே வடிவின. ஆதலின் அச்சுத் தமிழை நன்கு வாசிப்பவரும் ஏட்டின் முன் திகைப்பர். சுவடி கையில் உண்டு, கட்டும் அவிழ்ந்தது, வாசகம் மாத்திரம் கைவரவில்லை. காணொளிக் கோப்பின் இயல்பும் அத்தகையதே. ஏ.வீ.ஐ., எம்.பீ.4, எம்.கே.வீ. எனக் கோப்பின் பெயரீற்றில் நிற்பவை சுவடிக் கட்டின் பெயர்கள். உள்ளிருக்கும் எழுத்தின் பெயர்கள் அல்ல. உள்ளே படம் எம்.பெக் 2, எச்.264, எச்.265 முதலிய முறைகளில் ஒன்றால் எழுதப்பட்டிருக்கும். கோடெக் என்பது அவ்வெழுத்துமுறையே. ஒலிக்கும் அவ்வாறே தனிமுறைகள் உண்டு. தொலைக்காட்சி ஒரு முறையை அறிந்து மற்றையதை அறியாதாயின், படம் தோன்றி ஒலி வாராது. அல்லது ஒலி வந்து திரை இருண்டிருக்கும். கோப்புப் பழுதாயிற்று என வருந்தி அதனை அழித்துவிடுவோர் உளர். பழுது கோப்பிலன்று, வாசிப்போனிடத்து.

மூன்றாவது, மின்வலு. யூ.எஸ்.பி. 2.0 துளை தரும் மின்னோட்டம் 500 மில்லியம்பியரே. சுழலும் வன்தட்டுகளுட் சில அதற்கு மேல் வேண்டும். தட்டு ‘டிக், டிக்’ என ஒலித்து நின்றுவிடுமாயின் உடனே கழற்றுதல் நன்று. தனி மின்னிணைப்பு உடைய தட்டாயினும், சுழற்சியற்ற சிறிய பென் டிரைவாயினும் இத்துன்பம் இராது.

நோயின் காரணம் அறிந்தபின் மருந்து எளிது.

ஐயத்துக்கு இடமற்ற வழி, கணினியையும் தொலைக்காட்சியையும் எச்.டீ.எம்.ஐ. கம்பியால் இணைத்தல். அப்பொழுது வாசிப்பது கணினி, தொலைக்காட்சி வெறுந்திரையே. பாரிசு நகரத்து மாணவர் 1996 இல் தொடங்கிய முயற்சியின் விளைவாகிய வீ.எல்.சி. என்னும் இலவச மென்பொருள் கணினியில் இருந்தால், மேற்கூறிய எழுத்துமுறைகளுள் ஏறக்குறைய எல்லாவற்றையும் அது வாசிக்கும். எச்.டீ.எம்.ஐ. துளையற்ற பழைய கணினியிலே வீ.ஜீ.ஏ. கம்பி படத்தை மாத்திரமே கொண்டுசெல்லும். ஒலிக்கு வேறு கம்பி வேண்டும்.

இரண்டாவது வழி, வீட்டு வலையமைப்பு. கணினியும் தொலைக்காட்சியும் ஒரே ரவுட்டரோடு இணைந்திருப்பின், கணினி தன்னிடமுள்ள கோப்புகளை வலையின் வழியே ஊட்டும். இணையச் செலவு இதற்கு இல்லை, ரவுட்டரே போதும். கருவி செய்வோர் பலர் 2003 இல் ஒன்றுகூடி வகுத்த டி.எல்.என்.ஏ. என்னும் பொதுமுறையைப் பல தொலைக்காட்சிகள் அறியும். பிளெக்ஸ், ஜெலிஃபின் முதலிய மென்பொருள்களோ இன்னும் ஒருபடி மேற்சென்று, தொலைக்காட்சி அறியாத எழுத்துமுறையை அது அறிந்த முறைக்கு உடனுக்குடன் பெயர்த்தும் கொடுக்கும். அக்காலத்துத் துபாஷியின் தொழில் இது. ஆயின் துபாஷி வல்லவனாதல் வேண்டும். வலுவற்ற பழைய கணினியானால் படம் தடைப்பட்டுத் தடைப்பட்டு வரும்.

மூன்றாவது வழியே பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்றது. கோப்புகளின் படியொன்றைத் தொலைக்காட்சி நன்கறிந்த முறையில் எழுதி, பென் டிரைவில் இட்டுச் செருகுதல். 2003 இல் வகுக்கப்பட்ட எச்.264 முறையில், எம்.பீ.4 கட்டாக எழுதிய படியை, யூ.எஸ்.பி. வழியே படங்காட்டும் இன்றைய தொலைக்காட்சிகள் ஏறக்குறைய யாவும் வாசிக்கும். ஹான்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருள் இப்பணியைச் செய்யும்.

படியெழுதும்போது ஏடெழுதுவோர்க்குரிய விதியை மறத்தலாகாது. ஏடு பெயர்த்தெழுதும் ஒவ்வொரு முறையும் சில எழுத்துப் பிழைகள் புகும். படிக்குப் படி எடுத்தால் பிழை பெருகும். காணொளியும் அவ்வாறே, மறுபடி மறுபடி பெயர்த்தெழுதுந்தோறும் முகங்களின் நுண்மை குன்றும். ஆதலின் முதற்கோப்பை மூலமாகக் கொண்டு, அதனை மாற்றாதும் அழியாதும் காக்க. பார்வைக்குரிய படியை எப்போதும் அம்மூலத்திலிருந்தே எடுக்க. எழுத்துமுறை சரியாயிருந்து கட்டு மாத்திரமே வேறாயின், உள்ளதைப் பெயர்த்தெழுதாது கட்டை மாற்றுதலே போதும், அதில் இழப்பில்லை. பழைய காட்சி 4க்கு 3 என்னும் அளவினது. இன்றைய திரை 16க்கு 9. திரையை நிரப்பும் ஆசையால் இழுத்து விரித்தால் மெலிந்த மணமகளும் பருத்துத் தோன்றுவாள். இரு பக்கமும் கரிய பட்டை இருப்பதே முறை.

மூலம் ஒரு தட்டில் மாத்திரம் இருத்தல் ஆகாது. வன்தட்டு என்றேனும் ஒருநாள் பழுதாகும் பொருளே. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிந்தபோது, அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுள் அச்சு நூல்கள் பலவற்றை வேறிடத்தே மீண்டும் தேடிப் பெற முடிந்தது. வேறு படியற்ற ஏடுகள் போனவை போனவையே. இத்துயரை அறிந்த நாம் நம் வீட்டுச் சுவடிக்கு மூன்று படிகளேனும் வைத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறு வீட்டில், கூடுமாயின் வேறு ஊரில் இருத்தல் வேண்டும்.

இதுகாறும் கூறியவை யாவும் கருவி பற்றியவை. கருவியால் மூலம் கைவரும், பொருள் கைவருமோ?

சங்க நூல்களை அச்சிற் கண்டபின்னும் உரையின்றி அவற்றைக் கற்க வல்லார் எத்தனை பேர்? உரையாசிரியர் இலராயின் நாம் சொல்லைக் காண்போம், பொருளைக் காணோம். வீட்டுக் காணொளி உரையற்ற மூலம். பந்தலிலே நூறு முகங்கள் தோன்றி மறைகின்றன. இவர் யார், அவர் யார், அந்த மூலையில் நிற்கும் சிறுவன் எந்த வீட்டுப் பிள்ளை என்பதைக் கோப்புச் சொல்லாது. சொல்ல வல்லார் வீட்டிலே ஒருவரோ இருவரோ உளர், அவர்களுக்கு வயதாகிவிட்டது.

கோப்பாயில் ஒரு வீட்டிலே நிகழ்ந்ததை இங்கே கூறல் பொருந்தும். 1986 ஆம் ஆண்டுக் கலியாணமொன்றின் கோப்பைத் தொலைக்காட்சியில் இட்டிருந்தனர். எண்பத்து மூன்று வயதான மூதாட்டியார் கதிரையிலும் பேரப்பிள்ளைகள் பாயிலுமாக இருந்தனர். தாலிகட்டுக்கு முன், வீடியோக்காரர் வீட்டின் பின்புறம் ஒரு சுற்றுச் சுற்றி வருகின்றார். பலகாரச் சட்டியின் முன்னே புகைக்கு முகந்திருப்பி ஒரு பெண் இருக்கின்றாள். திரும்பிப் பார்த்து நாணிச் சிரிக்கின்றாள். அவ்வளவே, காட்சி பந்தலுக்குத் திரும்பிவிடுகின்றது.

“நிப்பாட்டு, நிப்பாட்டு. பின்னுக்கு விடு” என்றார் மூதாட்டியார்.

“ஆர் அம்மம்மா அது?” என்றாள் பேர்த்தி.

“உவ எங்கட பின்வளவு மாமி. உவ வராமல் இஞ்சை ஒரு வீட்டிலையும் பலகாரச் சட்டி வைக்கிறேல்லை. தொண்ணூற்றைஞ்சிலை வன்னிக்குப் போனவ. பிறகு ஒருத்தரும் காணேல்லை.”

அப்பெண்மணியின் வீடும் அதிலிருந்த படங்களும் போரில் அழிந்தன என்பதும், வெளிநாட்டில் வாழும் மகளிடம் தாயின் நிழற்படம் ஒன்றுமே இல்லை என்பதும் அதன்பின் நிகழ்ந்த உரையாடலில் வெளிவந்தன. காட்சியின் நீளத்தை எண்ணிப் பார்த்தனர், ஒன்பது நொடி. அப்பகுதியை மட்டும் தனியே பிரித்தெடுத்து மகளுக்கு அனுப்பினர். பதினைந்து ஆண்டுகளாக அக்கோப்பு அவ்வீட்டு வன்தட்டிலே இருந்தது. அவ்வொன்பது நொடியும் அங்கேயே இருந்தன. பேர்த்தி தனியே கணினியிற் பார்த்திருப்பின், பலகாரம் சுடும் யாரோ ஒருத்தி என்று கடந்திருப்பாள். சொல்ல வல்லாரும் கேட்க வல்லாரும் ஒரு திரைமுன் கூடியதனாலேயே மூலம் பொருள் பெற்றது.

ஒரு மணி நேரக் கோப்பைப் பார்த்து முடிக்க அவ்வீட்டாருக்கு மூன்று மாலைகள் சென்றன. பாடஞ்சொல்லும் முறையும் அதுவே. ஒரு வரி வாசித்து நிறுத்தி, சொற்பிரித்து, பொருள் கூறி, ஐயம் தெளிந்து மேற்செல்வதன்றோ நம் மரபு?

ஆதலின் மாணவர்க்கும் அவரை வழிப்படுத்தும் ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் ஒரு வீட்டுக்கு ஒரு காணொளி என எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு மூத்தோரைத் திரையின் அருகே, நல்ல கதிரையில் அமர்த்துங்கள். நிறுத்தியும் திரும்ப ஓட்டியும் பாருங்கள். ஒரு கொப்பியிலே இடப்பக்கம் காட்சியின் நேரத்தையும், வலப்பக்கம் அவர் கூறும் பெயர், உறவு, ஊர், செய்தி ஆகியவற்றையும் எழுதுங்கள். அவர் குரலையும் கைபேசியிற் பதிந்து வையுங்கள். பின்வளவு, பலகாரச் சட்டி, கன்னிக்கால் என்றாற்போலும் சொற்கள் அவர் வாயிலே இயல்பாய் வரும். அவையும் காத்தற்குரியன. பெயர் தெரியாத முகத்துக்கு வினாக்குறி இட்டு, அயலிலுள்ள இன்னொரு மூத்தாரிடம் கொண்டு செல்லுங்கள்.

டி.வி.டி. தட்டிலிருந்து எடுத்த கோப்புகள் வெறும் எண்களையே பெயராகக் கொண்டு, ஒரு கலியாணம் நான்கைந்து துண்டாகவும் கிடக்கும். ஆண்டு, மாதம், நாள், நிகழ்ச்சி, ஊர் என்னும் ஒழுங்கிலே அவற்றுக்குப் பெயரிடுங்கள். ஆண்டை முதலில் இட்டால் அவை தாமாகவே காலமுறையில் அடுங்கும். தமிழெழுத்துச் சில தொலைக்காட்சிகளிலே வெறுங்கட்டங்களாய்த் தோன்றுமாதலின், ஆண்டையும் நாளையும் எண்ணால் எழுதுதல் உதவும். எழுதிய உரையைக் கோப்போடு அதே தட்டிலும், தாளிற் பிரதி செய்து அலுமாரியிலும் வையுங்கள்.

தட்டை மாற்றலாம், கம்பியை வாங்கலாம், எழுத்துமுறையைப் பெயர்க்கலாம். இவற்றை அடுத்த ஆண்டும் செய்யலாம். உரை கூறுவாரைக் கேட்பதை மாத்திரம் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தல் தகாது.